படைவீரரின் மனைவி பி.எட். படிக்கப் பணம்: எது கிடைக்கும், எதை நம்பிக் காத்திருக்கக் கூடாது

வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 28. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்து 61 சதவீதத்துடன் 2018இல் முடித்தவர். அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி. கணவர் ராணுவத்தில் நாயக். சேர்ந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் வட எல்லையில் ஃபீல்டு போஸ்டிங் (குடும்பத்தை அழைத்துப்போக முடியாத பணியிடம்) போயிருக்கிறார். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். மாமியார் வீட்டில் இருக்கிறார்கள்.

இவருக்கு பி.எட். படித்து ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஏஜென்ட், தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டு ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் பேசியிருக்கிறார். 60,000 ரூபாயை உடனே ரொக்கமாகத் தர வேண்டும், அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட வேண்டும். "கல்லூரிக்கு வர வேண்டியதில்லை, பரீட்சைக்கு வந்தால் போதும். ஆர்மி குடும்பம் என்பதால் பிரதமர் ஸ்காலர்ஷிப்பில் வருடத்துக்கு 36,000 திரும்பி வந்துவிடும்" என்கிறாராம். கணவரோ, "நாலு வருஷத்தில் பென்ஷனோடு வந்துவிடுவேன், அப்புறம் எக்ஸ்-சர்வீஸ்மேன் சலுகையில் படி" என்கிறார். ராணுவ வீரர்களின் மனைவிகளுக்குப் படிப்புக்கு 4,000 டாலர் தருகிறார்கள் என்ற காணொளியைப் பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பியிருக்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா, காத்திருக்கலாமா, தபால் வழியில் பி.எட். படிக்கலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், "அவர் பனியில் நின்று சம்பாதிக்கும் பணத்தை என் படிப்புக்குச் செலவழிப்பது சுயநலமா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சுயநலம் இல்லை. ஜவான்கள் பெரும்பாலும் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். பென்ஷன் என்பது கடைசியாக வாங்கிய ஊதியத்தில் பாதி. உங்கள் கணவர் ஊர் திரும்பும்போது மகள் ஆறாம் வகுப்பைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். அவர் அடுத்த வேலை தேடும் அந்த ஆண்டுகளில் வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பது மூவருக்கும் பாதுகாப்பு. இதை அவரிடம் இதே கணக்கோடு பேசுங்கள்.

ஏஜென்டிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அவர் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் தவறு, மூன்றுமே உங்கள் பணத்தையும் பட்டத்தையும் பாதிக்கக்கூடியவை.

அந்த 36,000 ரூபாய் உங்களுக்கு வராது

பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டம் உண்மையானது. மத்திய படைவீரர் வாரியம், அதாவது கேந்திரிய சைனிக் போர்டு, அதை நடத்துகிறது. ஆண்டுக்கு 5,500 பேருக்கு, பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 என்று தருகிறார்கள். பி.எட். படிப்பும் பட்டியலில் உண்டு, 60 சதவீத மதிப்பெண் தேவை. உங்களிடம் 61 இருப்பதால் ஏஜென்ட் சொன்னது பொருத்தமாகத் தோன்றியிருக்கும். ஆனால் விண்ணப்பிக்கக் கூடியவர்கள் யார் என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. முன்னாள் படைவீரர்கள், முன்னாள் கடலோரக் காவல் படையினர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும், அவர்களின் விதவைகளுக்கும் மட்டுமே அது. பணியில் இருக்கும் வீரரின் பிள்ளைக்குக்கூடக் கிடையாது. மனைவி என்ற பிரிவே அதில் இல்லை.

இதனால்தான் உங்கள் கணவரின் யோசனையும் சரிவராது. அவர் ஓய்வு பெற்று முன்னாள் படைவீரர் ஆன பிறகும் நீங்கள் அவருடைய மனைவிதான், பிள்ளை அல்ல. உங்கள் மகள் கல்லூரிக்குப் போகும்போது அவளுக்கு அந்தத் திட்டம் உதவும். உங்களுக்கு உதவாது. நான்கு ஆண்டு காத்திருந்தால் 32 வயதில் இதே கேள்வியோடு இதே இடத்தில் நிற்பீர்கள். வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் தரப்படும் கல்வி உதவிகளும் பெரும்பாலும் பிள்ளைகளையும் விதவைகளையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவைதான். பணியில் இருப்பவரின் மனைவியைக் கல்வித் திட்டங்கள் ஏறக்குறைய மறந்தே விட்டன. வீட்டுக்கு ஒரு ஜவான் என்று சொல்லும்படியான ஊர்கள் உள்ள நம் மாவட்டத்தில் இது பெரிய குறை. அதைச் சரிசெய்யக் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் உங்கள் சேர்க்கை அதற்காகத் தள்ளிப்போகக் கூடாது.

அந்தக் காணொளியில் வந்த 4,000 டாலர் அமெரிக்காவின் 'மைகா' திட்டம். அமெரிக்கப் படைகளில் குறிப்பிட்ட பதவிநிலை வரை உள்ளவர்களின் துணைவர்களுக்கு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை தருவது. அதிலும் இளங்கலைப் பட்டத்துக்குத் தருவதில்லை. தொழில் உரிமம், சான்றிதழ், இரண்டாண்டுப் படிப்பு போன்றவற்றுக்குத்தான். அங்கே வீரர் தன் கல்விச் சலுகையை மனைவிக்கு மாற்றித் தரும் வழியும் உண்டு. நமக்கு இரண்டும் பொருந்தாது. இதற்கு விண்ணப்பித்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி.

"வர வேண்டாம்" என்கிற பி.எட்.

பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம்: முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. போகாமலே வாங்கும் பட்டத்தில் யாரோ உங்கள் பெயரில் பொய்யாக வருகை போட்டிருப்பார்கள், யாரோ பாடத்திட்ட நோட்டு எழுதியிருப்பார்கள். சான்றிதழ் சரிபார்ப்பிலோ பணியில் சேர்ந்த பின்னோ அது வெளியே வந்தால் வேலை போகும், கட்டிய பணமும் போகும். அந்த நாளில் ஏஜென்ட் பக்கத்தில் இருக்க மாட்டார். இன்னொன்றும் உண்டு: அந்த 20 வாரத்தில்தான் ஒருவர் ஆசிரியராகிறார். 40 பிள்ளைகள் முன்னால் நின்று அமிலத்தையும் காரத்தையும் விளக்கிப் பழகாதவருக்கு எந்தப் பள்ளியின் டெமோ வகுப்பிலும் நாக்கு எழாது.

தபால் வழி பி.எட். இருக்கிறது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. ஆனால் அது ஏற்கனவே ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களுக்குமானது. வெறும் பி.எஸ்சி.யோடு சேர முடியாது. எம்.எஸ்சி.யைப் பிற்பாடு அஞ்சல் வழியில் படியுங்கள், கணவரோடு எந்த ஊருக்குப் போனாலும் தொடரலாம். பி.எட்.டை மட்டும் நேரில் படித்துவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களைப் பொறுத்தவரை, கல்லூரி அவற்றைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசி விதி. ஏஜென்ட் கையில் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தனியார் கல்லூரியில் சேர்வதாக இருந்தாலும் நேரே அலுவலகத்துக்குப் போங்கள். தேசியக் குழுமத்தின் அங்கீகார ஆணையையும், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு நடப்பு ஆண்டுக்கு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கல்லூரி வங்கிக் கணக்கில் கட்டி, ரசீது வாங்குங்கள்.

முதலில் கட்டணத்தைக் குறையுங்கள்

பணம் எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன், எவ்வளவு தேவை என்பதைக் குறைக்கப் பாருங்கள். காட்பாடி காந்திநகரில் அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் உயர்கல்வித் துறை வழியாக இணையத்தில் வரும். பட்டப்படிப்பு மதிப்பெண்தான் தரவரிசைக்கு அடிப்படை. குறைந்தபட்சத் தகுதி பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கு 40 சதவீதம். உங்கள் 61 தகுதிக்குப் போதும். ஆனால் பாடவாரியாக இடங்கள் குறைவு, வேதியியலில் போட்டி இருக்கும். அதனால் உதவி பெறும் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியை அதற்குப் பிறகு பாருங்கள். ஏஜென்டின் அவசரமே அரசுப் பட்டியல் வருவதற்குள் உங்களைப் பிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

கணியம்பாடியிலிருந்து வேலூருக்கும், அங்கிருந்து காட்பாடிக்கும் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது சின்ன விஷயமல்ல, இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள். மீதி, சீருடைப் புடவை, ரெக்கார்டு நோட்டுகள், சார்ட், தேர்வுக் கட்டணம் என்று சில்லறையாக வரும். அதற்கு மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஒதுக்கினால் திணற மாட்டீர்கள்.

சாதிச் சான்றிதழில் பலரும் தடுமாறுகிறார்கள். சாதி பிறப்பால் வருவது. கல்யாணம் ஆனாலும் உங்கள் அப்பா வழிச் சான்றிதழ்தான் செல்லும், கணவர் வழியில் புதிதாக எடுக்கக் கூடாது.

பணம் எங்கிருந்து, எந்த வரிசையில்

முதலாவதாக, உங்கள் மகளின் பணம். குழந்தைகள் கல்விப் படி பற்றிக் கணவர் எதுவும் சொன்னதில்லை என்றும், அது மனைவிக்கும் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். மனைவிக்குக் கிடைக்காது. ஆனால் மகளுக்கு நிச்சயம் கிடைக்கும், எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளுக்கும் சேர்த்து. இப்போதைய விகிதம் மாதம் 2,812 ரூபாய் 50 காசு, ஆண்டுக்கு 33,750. பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழ் ஒன்று போதும், கட்டண ரசீதுகளை அடுக்க வேண்டியதில்லை. நிதியாண்டு முடிந்ததும் யூனிட் வழியாகக் கேட்க வேண்டும். "எல்.கே.ஜி.க்கெல்லாம் தர மாட்டார்கள்" என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடும் ஜவான்கள் நிறையப் பேர். உங்கள் கணவர் கேட்டிருக்கிறாரா என்று இன்றே விசாரியுங்கள், போன ஆண்டுக்குக் கேட்கவில்லை என்றால் அதையும் ஹெட் கிளார்க்கிடம் கேட்கச் சொல்லுங்கள். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வீட்டுச் செலவிலிருந்து போகும் பணம் இதனால் மிஞ்சும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால், வேறு எதுவும் இல்லாமல் இந்த மிச்சத்திலேயே உங்கள் பி.எட். முடிந்துவிடக்கூடும்.

இரண்டாவது, கணவரின் பி.எஃப். ஜவான்களுக்கான ஏ.எஃப்.பி.பி. ஃபண்டிலிருந்து குடும்பத்தினரின் உயர்கல்விக்கு முன்பணம் கேட்கலாம். சொந்தச் சேமிப்பையே எடுப்பதால் வெளியே வட்டி கட்ட வேண்டியதில்லை. எடுத்த தொகைக்கு அங்கே சேரும் வட்டி மட்டும் நிற்கும். விண்ணப்பம் யூனிட்டிலிருந்து சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போய் வர வேண்டும். ஃபீல்டு ஏரியாவில் காகிதம் மெதுவாகத்தான் நகரும். கட்டணம் கட்டும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது, இரண்டு மூன்று மாதம் முன்பே போடச் சொல்லுங்கள். அப்போதே ரெஜிமென்ட் நல நிதியில் மனைவியின் படிப்புக்கு ஏதாவது உண்டா என்றும் அவர் கேட்கட்டும். ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் அது வேறுபடும், எழுத்தில் கேட்டால்தான் பதில் வரும்.

மூன்றாவது, கல்விக் கடன். தனியார் கல்லூரிதான் என்று ஆனால் மட்டும். 4 லட்சம் வரை சொத்து ஜாமீனோ நாம் போடும் பங்குத்தொகையோ தேவையில்லை. கல்யாணமான பெண்ணுக்கு அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சில கிளைகளில் சொல்வார்கள். கணவரோ மாமனார் மாமியாரோ இணைக் கடன்தாரராக இருக்கலாம் என்று வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே இருக்கிறது. கணவர் எல்லையில் இருப்பதால் அவர் லீவில் வரும்போது கையெழுத்தை முடிக்கப் பாருங்கள், அல்லது மாமியாரை இணைக் கடன்தாரராகப் போட முடியுமா என்று கேளுங்கள். படிப்புக் காலமும் அதன் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70,000 வீதம் வாங்கினால், மூன்றாம் ஆண்டு முடிவில் 35,000 வட்டி சேர்ந்து 1,75,000 ஆக நிற்கும். முதல் ஆண்டில் மாதம் 583 ரூபாயும், அதன் பின் 1,167 ரூபாயும் வட்டியாகக் கட்டி வந்தால் 1,40,000 அப்படியே இருக்கும். கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். வட்டி மானியத்துக்கான 4.5 லட்ச வருமான வரம்புக்குள் நாயக் சம்பளம் வராது, அதை நம்ப வேண்டாம். வருமான வரியிலும் ஒரு குழப்பம் உண்டு: பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்துக்கு உள்ள கழிவு மனைவியின் கட்டணத்துக்குக் கிடையாது. மனைவியின் படிப்புக்காகக் கணவர் வாங்கும் கல்விக் கடனின் வட்டிக்குக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால்.

நகை கடைசியில்தான். நகைக் கடன் பெரும்பாலும் 12 மாதத்தில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கேட்கும். இந்த ஜூலையில் வைத்தால், அடுத்த ஜூலையில் இரண்டாம் ஆண்டுக் கட்டணமும் நகையை மீட்கும் பணமும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். பிறகு வட்டியைக் கட்டி மாற்றி வைப்பது, கடன் ஏறுவது, ஏலம் என்று போகும். மூன்று மாதத்துக்குள் பி.எஃப். பணம் வரும் என்று உறுதியாகத் தெரிந்து, நடுவில் சமாளிக்க மட்டும் வைக்கலாம். அதுவும் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ.

படித்த பின் எங்கே வேலை

உங்களைப் போன்றவர்களுக்கு பி.எட். நல்ல தேர்வு என்பதற்கு முக்கியக் காரணம், அது உங்களோடு ஊர் மாறும். ஆர்மி பப்ளிக் பள்ளிகள் நாடு முழுக்க உள்ள ராணுவ நிலையங்களில் இருக்கின்றன. அவற்றை நடத்தும் ஆர்மி வெல்ஃபேர் எஜுகேஷன் சொசைட்டி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் ஆன்லைன் ஸ்கிரீனிங் தேர்வு வைக்கிறது. அதில் தேறியவர் கணவரோடு போகும் ஊரில் உள்ள பள்ளியில் நேர்காணலுக்குப் போகலாம். பட்டத்திலும் பி.எட்.டிலும் தனித்தனியே 50 சதவீதம் கேட்பார்கள் என்பதால் பி.எட். மதிப்பெண்ணை அலட்சியமாக விடாதீர்கள். படிக்கும்போதே மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளையும், மாநிலத் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளையும் எழுதுங்கள். ஒருமுறை தேறினால் ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஒரு எச்சரிக்கை: 1 முதல் 5ஆம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சிறு குழந்தைகளுக்குத்தான் கற்பிக்க விருப்பம் என்றால் உங்களுக்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயம், பி.எட். அல்ல. கடிதத்தில் வேதியியல் கற்பிக்கும் ஆசையைத்தான் எழுதியிருந்தீர்கள், அதனால் பி.எட். சரி.

இந்த மாதமே பார்க்க வேண்டியவை

மூன்று காகிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், கணவரின் யூனிட்டில் கல்யாணம் பதிவான பார்ட் டூ ஆர்டர் நகல். முதலாவதில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். இரண்டாவதில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். மூன்றாவதில் கிளார்க் தட்டச்சு செய்த எழுத்துக்கூட்டல் இருக்கும். கல்லூரி விண்ணப்பமும் கடனும் தகுதித் தேர்வும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். ஆதாரை அந்தப் பெயருக்கே மாற்றிக்கொள்ளுங்கள், கணவர் பெயரை முகவரிப் பகுதியில் காட்டலாம். பார்ட் டூ ஆர்டரில் இனிஷியல் மட்டும் வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் பெரும்பாலும் போதும். பெயரே தவறாக இருந்தால் கணவர் யூனிட்டிலிருந்து திருத்தம் போட வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.

கணவருக்குப் புது ஃபீல்டு போஸ்டிங் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். அடுத்த இரண்டு ஆண்டு எப்படியும் நீங்கள் ஊரில்தான் இருக்கப்போகிறீர்கள், பி.எட்.டும் இரண்டு ஆண்டு. அடுத்த ஆண்டு சேர்ந்தால் பாதியில் அவருக்கு பீஸ் ஸ்டேஷனும் (குடும்பத்தோடு தங்கக்கூடிய பணியிடம்) குவார்ட்டர்ஸும் கிடைத்து, படிப்பை விட்டுவிட்டுப் போகும் நிலை வரலாம். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நடுவில் மாற்றிக்கொள்வது பி.எட்.டில் நடைமுறையில் சாத்தியமில்லை.

கடினமான காலம் இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சி. காலை எட்டரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டும், இரவில் பாடத்திட்டம் எழுத வேண்டும், மாமியாருக்கு உடம்புக்கு வந்தால் மகளைப் பார்க்க ஆள் வேண்டும். கணவருக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு உண்டு. முதல் ஆண்டு முடியும்போதே பயிற்சித் தேதிகளைக் கல்லூரியில் கேட்டு அவருக்குச் சொல்லிவிடுங்கள். யூனிட்டில் லீவ் பிளான் போடும்போது அந்த மாதங்களை அவர் கேட்டு வாங்கட்டும்.